தீக்குச்சிக்கும் வெயிலுக்கும் ஒரே வேலை

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில், சாயங்காலம் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வேதியியல் படிக்க வருவார்கள். ஆல்கேன் பாடத்தைத் தொடங்கிய அன்று ஒரு பையன் கேட்டான்: "மிஸ், சிலிண்டர் மாத்தும்போது லேசா புஸ்ஸுன்னு கேஸ் வருது. சுத்தி இருக்கிற காத்துல ஆக்சிஜன் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா எரியும்னு புத்தகத்துல போட்டிருக்கு. அப்புறம் ஏன் அது தானா பத்திக்கல?"

அன்றைக்கு நடத்துவதற்காக எடுத்து வைத்திருந்ததை மூடிவிட்டு இந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டோம். ஆல்கேன்கள் ஆக்சிஜனில் எரிவது, குளோரின் போன்ற ஹாலஜன்களோடு வினைபுரிவது என்று பாடத்தில் தனித்தனித் தலைப்பாக வரும் இரண்டுக்கும் வாசல் இதுதான்.

ஆல்கேன் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். கார்பனுக்கு நான்கு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன்கள் தங்களுக்குள் ஒவ்வொரு கையாகக் கோத்துக்கொண்டு, மீதிக் கைகள் எல்லாவற்றிலும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டால் அது ஆல்கேன். ஒரு கார்பன் இருந்தால் மீத்தேன், இரண்டு என்றால் ஈத்தேன், மூன்று புரொப்பேன், நான்கு பியூட்டேன். கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன் எண்ணிக்கை வந்துவிடும். பியூட்டேனில் நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன். எந்தக் கையும் சும்மா இல்லை என்பதால் இவற்றை நிறைவுற்ற ஹைட்ரோகார்பன் என்கிறார்கள்.

இவற்றைத் தேடி ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. கண்மாயில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் சமயத்தில் ஒரு கம்பை விட்டுக் கிளறினால் குமிழ் குமிழாக வருமே, அதில் மீத்தேன் இருக்கிறது. இத்தாலியில் மஜோரே ஏரிக்கரைச் சேற்றிலிருந்து வந்த இதே குமிழைத்தான் 1776-இல் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா பிடித்து ஆராய்ந்தார். சாண எரிவாயுவிலும் பாதிக்கு மேல் மீத்தேன்தான். அடுப்படி சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பெட்ரோல், மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி எல்லாவற்றிலும் இன்னும் நீளமான ஆல்கேன்கள் உண்டு. கற்பூரமும் எரிகிறதே என்று யாராவது கேட்பார்கள். அது வேறு சாதி. அதில் ஆக்சிஜனும் உண்டு, கார்பன்கள் வளையமாகச் சுற்றியிருக்கும். அதை இங்கே சேர்க்க வேண்டாம்.

இந்த ஆல்கேன்கள் பரம சாது. அமிலத்தை ஊற்றினாலும் காரத்தை ஊற்றினாலும் சாதாரணமாக அசைந்து கொடுக்காது. இவற்றின் பழைய பெயர் பாரஃபின். லத்தீனில் 'ஒட்டுதல் குறைவு' என்று பொருள் வரும் சொற்களிலிருந்து வந்தது. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு அவ்வளவு கெட்டி. மீத்தேனில் ஒரு மோல் பிணைப்பை (மோல் என்பது அணு, மூலக்கூறுகளை எண்ணும் ஒரு பெரிய கட்டு) பிய்க்கச் சுமார் 440 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். ஆக்சிஜன் மூலக்கூறோ அதைவிடக் கெட்டி. அதே ஒரு மோல் கணக்கில், இரண்டு அணுக்களைப் பிரிக்க ஏறக்குறைய 500 கிலோஜூல் வேண்டும். ஆக, சிலிண்டர் வாயில் அந்த ஒரு நொடி கேஸும் காற்றும் கலக்கும்போது இரண்டு கெட்டியான ஆட்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். முட்டிக்கொள்கிறார்கள், விலகிப் போகிறார்கள். எதுவும் உடைவதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் மதுரை 40 டிகிரியைத் தாண்டினாலும் அந்த முட்டலுக்கு வேகம் போதாது. புரொப்பேன் தானாகப் பற்றிக்கொள்ள 450 டிகிரிக்கு மேல் வேண்டும்.

தீக்குச்சியோ லைட்டரின் பொறியோ செய்வது இதைத்தான்: ஒரு சின்ன இடத்தில், கொஞ்ச நேரத்துக்கு, அந்த உக்கிரமான சூட்டைக் கொடுப்பது. அங்கே சில பிணைப்புகள் முறிகின்றன. முறிந்தவுடன் கிடைப்பவை கை காலியான துண்டுகள். ஒற்றை ஹைட்ரஜன், ஒற்றை ஆக்சிஜன், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டிய அரைகுறைத் துண்டு இப்படி. பாடப்புத்தகம் இவற்றைத் தனி உறுப்பு என்கிறது, பிள்ளைகள் வாயில் ரேடிக்கல். காலிக் கையோடு இவற்றால் ஒரு கணம் சும்மா இருக்க முடியாது. பக்கத்திலிருக்கும் ஆல்கேனிடம் பாய்ந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்த ஆல்கேன் இப்போது கை காலியான துண்டு. அது ஆக்சிஜனைப் பிடிக்கும். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒற்றை ஹைட்ரஜன் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை முட்டினால், ஒரு துண்டு போய் இரண்டு துண்டுகள் பிறக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். தீ 'பக்'கென்று பிடிப்பது இதனால்தான். பிறகு எரிதலில் வெளிவரும் சூடே அடுத்தடுத்த பிணைப்பை உடைத்துக்கொள்ளும். தீக்குச்சியை ஊதி அணைத்துவிடலாம், அதற்கு இனி வேலை இல்லை.

சரி, எரிந்து முடிந்ததும் என்ன மிச்சம்? காற்று போதுமான அளவு இருந்தால் கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் எல்லாம் நீர். மீத்தேனுக்கு இப்படி எழுதலாம்:

ஒரு மீத்தேன் + இரண்டு ஆக்சிஜன் → ஒரு கார்பன் டை ஆக்சைடு + இரண்டு நீர்

சமன்பாட்டைச் சரிக்கட்டும்போது பிள்ளைகள் ஆக்சிஜனில் தொடங்கித் திண்டாடுவார்கள். முதலில் கார்பன், அடுத்தது ஹைட்ரஜன், கடைசியில்தான் ஆக்சிஜன். பியூட்டேனை எடுத்தால் நான்கு கார்பனுக்கு நான்கு கார்பன் டை ஆக்சைடு, பத்து ஹைட்ரஜனுக்கு ஐந்து நீர். வலப்பக்கம் பதின்மூன்று ஆக்சிஜன் அணுக்கள் வந்துவிட்டன. அதாவது ஆறரை மூலக்கூறு. அரை மூலக்கூறு என்று எழுதக் கூசினால் மொத்தத்தையும் இரட்டித்துவிடுங்கள்:

இரண்டு பியூட்டேன் + பதின்மூன்று ஆக்சிஜன் → எட்டு கார்பன் டை ஆக்சைடு + பத்து நீர்

இந்த நீர்தான் எனக்கு இந்தப் பாடத்தில் ரொம்பப் பிடித்த இடம். நெருப்பிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கீழே அடுப்படிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் பிரிட்ஜ் தண்ணீரை ஊற்றி, வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, அடுப்பைப் பற்றவைத்து உடனே மேலே வைத்தோம். சில நொடிகளில் அடிப்பாகமும் பக்கமும் மங்கி, பொடிப்பொடியாக நீர் கோத்தது. ஒரு துளி வழிந்து பர்னரில் விழுந்து 'ஸ்ஸ்' என்றது. கொஞ்ச நேரத்தில் பாத்திரம் சூடேறியதும் எல்லாம் காய்ந்து போனது. "பாத்திரத்தைத் துடைக்காம வச்சிட்ட" என்று அம்மா என்னைத் திட்டிய நாட்களில் பாதிக்கு மேல் இந்த நீர்தான் காரணமாக இருந்திருக்கும். பிரிட்ஜ் தண்ணீர் என்றால் காற்றின் ஈரமும் அதில் கொஞ்சம் படியும்தான். சந்தேகம் இருந்தால் குழாய்த் தண்ணீரை வைத்துப் பாருங்கள், அடுப்பில் வைக்கும்வரை வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கும்.

எவ்வளவு நீர்? வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். முழுக்கப் பியூட்டேன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 58 கிராம் பியூட்டேன் எரிந்தால் 90 கிராம் நீரும் 176 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வரும். அந்த விகிதத்தில் ஒரு சிலிண்டர் தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் நீர், 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்றரைக் குடம்! ஆவியாக ஜன்னல் வழியே போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. 14.2 எப்படி 65 ஆனது என்று ஒரு பெண் உடனே கேட்டாள். மீதி 51 கிலோ காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனைத் தரச் சுமார் 220 கிலோ காற்று தேவை. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் காற்று குறைந்தால் கதை மாறுகிறது. கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைக்காமல் ஒன்றோடு நின்றால் அது கார்பன் மோனாக்சைடு. ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் வெறும் கரி. ராத்திரி நேரத்தில் பரோட்டாக் கடை அடுப்பைக் கவனித்தால் இது கண்ணில் படும். நன்றாக எரியும்போது சுடர் நீலமாக, இரைச்சலோடு இருக்கும். பர்னர் அடைத்துக்கொண்டால் மஞ்சளாகி நாக்கு நீட்டும். மஞ்சள் என்பது எரியாத கரித்துகள்கள் சூட்டில் தகதகப்பது. அந்தத் துகள்தான் கல்லின் அடியில் போய் அப்பிக்கொள்கிறது. என் வீட்டு அடுப்பே ஒருமுறை இரண்டு வாரம் மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி பிடித்தது. கேஸில் கலப்படம் என்று நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வந்த மெக்கானிக் ஒரு ஊசியை விட்டுக் குத்தி, பர்னரைத் தட்டிக் கொட்டினார். "காத்து பத்தலம்மா, அவ்வளவுதான்." வேதியியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு இது தேவைதான்.

கரி அப்பினால் தேய்த்துக் கழுவலாம். மோனாக்சைடு அப்படி அல்ல. நிறம் இல்லை, மணம் இல்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவர்கள் மயங்கி விழுவது இதனால். அந்தச் சின்ன அறையில் அடுப்புக்கு வேண்டிய காற்று எங்கே இருக்கிறது? கேஸ் கசிந்தால் மூக்கில் அடிக்கும் அந்த அழுகல் வாடை ஆல்கேனுடையதும் அல்ல, மோனாக்சைடுடையதும் அல்ல. கசிவைக் கண்டுபிடிப்பதற்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன். புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படியும். வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திற என்பது இந்தக் கனத்துக்காகவும், சுவிட்சில் தெறிக்கும் பொறிக்காகவும்தான்.

இனி ஹாலஜன். புளூரின், குளோரின், புரோமின், அயோடின் நான்கும். நடுத்தர ஆள் குளோரின், அதையே எடுத்துக்கொள்வோம்.

மீத்தேனையும் குளோரினையும் ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து இருட்டறையில் வையுங்கள். நாள் கணக்கில் கிடந்தாலும் குளோரினின் பச்சை கலந்த மஞ்சள் நிறம் அப்படியே இருக்கும். அதே குடுவையை வெளிச்சத்தில் வைத்தால் நிறம் மெல்ல வெளுக்கும். குடுவை வாயில் ஈரமான நீல லிட்மஸ் தாளைக் காட்டினால் சிவக்கும், ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் மொட்டைமாடி மத்தியான வெயிலில் நேராக வைத்தாலோ குடுவையே வெடிக்கலாம், கார்பன் கரியாகக் கொட்டும். இதை வீட்டில் செய்து பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். குளோரின் நச்சு வாயு. கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தாலே அது வந்துவிடும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

வெயிலுக்கு என்ன வேலை? தீக்குச்சிக்கு இருந்த அதே வேலை. குளோரின் மூலக்கூறின் பிணைப்பு சுமார் 240 கிலோஜூல்தான், ஆக்சிஜனில் பாதி. வெயிலில் இருக்கும் ஊதா, புற ஊதாக் கதிர்களே அதை இரண்டாகப் பிளந்துவிடும். ஆக்சிஜனைப் பிளக்கும் அளவுக்கு வலுவுள்ள கதிர்கள் சூரியனிலிருந்து புறப்பட்டாலும் மேல்வளிமண்டலத்திலேயே வடிகட்டப்பட்டு விடுகின்றன, தரைக்கு வருவதில்லை. அதனால்தான் கேஸுக்குத் தீக்குச்சி, குளோரினுக்கு வெயில்.

பிளந்த குளோரின் அணு மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரஜன் குளோரைடாகப் போய்விடும். மிஞ்சிய மெத்தில் துண்டு இன்னொரு குளோரின் மூலக்கூறிலிருந்து ஓர் அணுவைப் பிடுங்கிக் குளோரோமீத்தேன் ஆகும். பிடுங்கப்பட்ட மூலக்கூறின் மறுபாதி மீண்டும் ஒற்றைக் குளோரின். அது அடுத்த மீத்தேனைத் தேடிப் போகும். ஒரே ஒரு பிளவு ஆயிரக்கணக்கான சுற்றுகளை ஓட்டிவிடும். எங்காவது கை காலியான இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று சந்தித்துக் கை கோத்துவிட்டால் அந்தச் சங்கிலி அங்கே அறும். இரண்டு மெத்தில் துண்டுகள் சேர்ந்தால் ஈத்தேன். மீத்தேன் குடுவையில் துளி ஈத்தேன் எப்படி வந்தது என்று தேர்வில் கேட்டால் பதில் இதுதான். தொடக்கம், தொடர்ச்சி, முடிவு என்று புத்தகம் பிரிப்பதும் இதையே. எரிதலில் ஒன்று இரண்டாகப் பெருகியது. இங்கே ஒன்றுக்கு ஒன்றுதான். அதனால்தான் மெல்லிய வெளிச்சத்தில் இது நிதானமாக நடக்கிறது.

பிள்ளைகள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். மீத்தேனும் குளோரினும் சேர்ந்து குளோரோமீத்தேனும் ஹைட்ரஜன் வாயுவும் வரும் என்று எழுதுவார்கள். ஆல்கேன் என்பது உட்கார இடமில்லாமல் நிரம்பிய டவுன் பஸ். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறிய குளோரினுக்கு சீட் வேண்டுமென்றால் ஒரு ஹைட்ரஜன் எழுந்தாக வேண்டும். எழுந்த ஹைட்ரஜன் தனியாக இறங்குவதில்லை, இன்னொரு குளோரின் அதைக் கையோடு கூட்டிப் போகிறது. அதனால் வெளியே வருவது ஹைட்ரஜன் குளோரைடு. ஒன்றுக்குப் பதில் ஒன்று உட்காருவதால் இதற்குப் பதிலீட்டு வினை என்று பெயர்.

ஒருவர் எழுந்தால் இன்னொருவரும் எழுவார். குளோரின் நிறைய இருந்தால் குளோரோமீத்தேனோடு நிற்காமல் டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம், கார்பன் டெட்ரா குளோரைடு என்று நான்கு ஹைட்ரஜனும் போகும்வரை ஓடும். கடைசியில் கிடைப்பது நான்கும் கலந்த கலவை. முதலாவது மட்டும் வேண்டுமென்றால் மீத்தேனை மிக அதிகமாகவும் குளோரினைக் குறைவாகவும் வைப்பார்கள். குளோரோஃபார்ம் என்றதும் பிள்ளைகளுக்கு சினிமா ஞாபகம் வரும். கைக்குட்டையில் நனைத்து மூக்கில் வைத்தவுடன் கதாநாயகி சாய்வாள். நிஜத்தில் நிமிஷக்கணக்கில் தொடர்ந்து மூச்சில் இழுத்தால்தான் மயக்கம் வரும், கல்லீரலும் இதயமும் கெடும். 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவ வலிக்கு இதைக் கொடுக்கத் தொடங்கினார். நச்சுத்தன்மையால் பின்னாளில் மருத்துவமனைகள் இதைக் கைவிட்டன.

இந்தப் பதிலீடு எப்படிப் பிடிபட்டது என்பதற்குப் பிரான்ஸில் ஒரு கதை சொல்வார்கள். பாரிஸ் அரண்மனையில் ஒரு விருந்து நடந்தபோது மெழுகுவர்த்திகளின் புகை வந்தவர்களின் கண்ணையும் தொண்டையையும் எரித்ததாம். காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி ஜான் பாப்டிஸ்ட் டூமாவிடம் வேலை வந்தது. மெழுகை வெளுக்கக் குளோரின் பயன்படுத்தியிருந்தார்கள். குளோரின் மெழுகின் மேல் படிந்து நிற்காமல் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, எரித்தபோது ஹைட்ரஜன் குளோரைடாகப் புகைந்தது. கதையில் எவ்வளவு நிஜமோ, ஹைட்ரஜனின் இடத்தில் குளோரின் உட்காரும் என்று 1834 வாக்கில் டூமா சொன்னது நிஜம். நேர்மின் தன்மையுள்ள ஹைட்ரஜன் இருந்த இடத்தில் எதிர்மின் தன்மையுள்ள குளோரின் எப்படி உட்காரும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சண்டைக்கே வந்தார்கள்.

மற்ற மூன்று ஹாலஜன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புளூரின் முரடு. இருட்டிலும் குளிரிலும்கூட மீத்தேனோடு சேர்ந்து வெடிக்கும், தணித்துத் தணித்துத்தான் கையாள முடியும். அயோடின் நேர் எதிர். வினை நடந்தாலும் உண்டாகும் ஹைட்ரஜன் அயோடைடு திரும்பிவந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும். அதை அப்புறப்படுத்த நைட்ரிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றி வேண்டும்.

புரோமின் கொஞ்சம் ரசிக்க வேண்டிய ஆள். குளோரினைவிட மெதுவானது, ஆனால் இடம் பார்த்து உட்காரும். புரொப்பேனில் இரண்டு ஓரக் கார்பன்களில் ஆறு ஹைட்ரஜன், நடுக் கார்பனில் இரண்டு. நடுவில் இருப்பவை கொஞ்சம் எளிதாகக் கழன்று வரும். குளோரின் அவசரக்காரன், ஓரத்திலும் நடுவிலும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக உட்கார்ந்துவிடும். புரோமினோ நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நடுவில்தான். பொருட்காட்சித் திடலில் கிடைத்த கடையில் புடவை வாங்குபவருக்கும், விளக்குத்தூண் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி வாங்குபவருக்கும் உள்ள வித்தியாசம்.

இதையெல்லாம் முடித்தபோது அந்தப் பையன் மறுபடி கையைத் தூக்கினான். "அப்ப எரியும்போது குளோரினையோ புரோமினையோ தூவினா இன்னும் வேகமா எரியுமா மிஸ்?"

தலைகீழ். புரோமின் சேர்ந்த ஹேலான் என்னும் வாயுக்களை விமானங்களிலும் கணினி அறைகளிலும் தீயை அணைக்க வைத்திருந்தார்கள். சுடருக்குள் போனதும் சூட்டில் புரோமின் கழன்று, தீயைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒற்றை ஹைட்ரஜன்களைப் பிடித்துப் பிடித்து அடக்கிவிடும். ஒன்று இரண்டாகப் பெருகுவது நின்றால் தீ தானாக ஒடுங்கும். ஆனால் அதே புரோமினும் குளோரினும் மேலே போய் ஓசோனைத் தின்றன. 1987-இல் மான்ட்ரியலில் நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி குளோரின் சேர்ந்த குளிர்பதன வாயுக்களோடு ஹேலான்களின் உற்பத்தியும் பிறகு நிறுத்தப்பட்டது. ஓசோனை எப்படித் தின்றன என்று அவன் அடுத்துக் கேட்டான். அதுவும் ஒரு சங்கிலிதான், அங்கேயும் முதல் பிணைப்பை உடைப்பது வெயில். மணி எட்டரை ஆகிவிட்டது, மறுநாள் வரச் சொன்னேன்.